தலைப்புக் கோப்பு கூறுவதும் கூறாததும்: நிரல்மொழிகளுக்கிடையிலான இயந்திர இணைப்புப் பற்றிய சில குறிப்புகள்

1

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள லக்கல என்னும் ஊரின் பெயர் இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமாயிற்று. அம்மாவட்டத்து இடப்பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் திரட்டி ஒழுங்குபடுத்தும் சிறு முயற்சியொன்றில் மாணவர் சிலருடன் ஈடுபட்டிருந்தேன். பெயர்களை வரிசைப்படுத்தும் நிரல் பைதன் மொழியில் எழுதப்பட்டது. அது சி மொழியிலமைந்த பழைய நூலகம் ஒன்றின் துணையை நாடியது. இரண்டையும் இணைக்கும் பகுதியை நாம் எழுதவில்லை. நூலகத்தின் தலைப்புக் கோப்பைப் படித்த கருவியொன்றே அதனை ஆக்கித் தந்தது. ஆங்கிலப் பட்டியல் பிழையின்றி வந்தது. தமிழ்ப் பட்டியலில் லக்கல இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லகரமும், அதனருகே வினாக்குறி பொறித்த கரிய சாய்சதுரமும் மட்டுமே எஞ்சின.

பிழையின் காரணத்தைக் கண்டறிய இரண்டு நாள் சென்றது. காரணமோ மிக எளிது. நூலகத்தின் சார்பு இரண்டு செய்திகளை வேண்டியது: ஒரு சொல், அதன் நீளம். லக்கல என்னும் சொல்லின் நீளம் யாது? தமிழறிந்தோர் ல, க், க, ல என 4 எழுத்து என்பர். பைதன் மொழி 5 என்னும். யுனிகோட் முறையில் ககர மெய்யானது ககரமும் புள்ளியுமாகிய இரு குறியீடுகளாகக் கொள்ளப்படுவதே காரணம். சி நூலகம் எண்ணுவதோ பைட்டுகளை. யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாதலின், அதன் கணக்கில் இச்சொல்லின் நீளம் 15 ஆகும். எமது நிரல் 5 எனக் கூற, நூலகம் முதல் 5 பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அவற்றுள் 3 லகரமாயின. எஞ்சிய 2 எவ்வெழுத்தும் ஆகா.

இப்பிழை ஆங்கிலப் பட்டியலில் ஏன் தோன்றவில்லை என்ற வினாவே இங்கு முதன்மையானது. ஆங்கில எழுத்தில் இவ்வூர்ப்பெயர் 7 எழுத்து, 7 குறியீடு, 7 பைட்டு. மூன்று கணக்குகளும் தற்செயலாக ஒன்றிவிடுவதால், எக்கணக்கு வேண்டப்படுகிறது என்ற வினாவே அங்கு எழுவதில்லை. சிங்களத்தில் எழுதினாலோ 4, 5, 15 என்ற அதே எண்களே வருகின்றன. வரலாற்றில் ஒரு மொழிக்கு மட்டும் வாய்த்த வசதி, பொதுவான இயற்கை விதிபோலத் தோற்றங்கொண்டு நிற்பதை இவ்விடத்தில் அவதானிக்கலாம். தமிழும் சிங்களமும் ஒருங்கே அத்தோற்றத்தைக் கலைத்துவிடுகின்றன.

இலக்கியத்தைத் தொழிலாகக் கொண்டவன் கணினிப் பொருளில் தலையிடுவது பொருந்துமா என வாசகர் ஐயுறலாம். இரு மொழிகளுக்கிடையே பொருள் எவ்வாறு கடத்தப்படுகிறது, கடத்தும்போது எது விடுபடுகிறது, விடுபட்டதை நிரப்பும் உழைப்பு யாருடையது என்பன எமது துறையின் பழைய வினாக்களேயாம். அவை இன்று புதிய களமொன்றில் எழுந்துள்ளன என்ற அளவிலேயே இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

2

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. 1973இல் யுனிக்ஸ் இயக்குதளம் அம்மொழியில் மீள எழுதப்பட்டது. கேர்னிகனும் ரிச்சியும் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. 1989இல் அமெரிக்கத் தர நிர்ணயமும் அடுத்த ஆண்டில் சர்வதேசத் தர நிர்ணயமும் அமைந்தன. இன்று புதிய நிரல்களைச் சி மொழியில் எழுதாதோரும் அதனைத் தவிர்க்கவியலாது. லினக்ஸ் இயக்குதளத்தின் கருவும், பைதன் மொழியின் முதன்மையான செயலாக்கமும், படம், ஒலி, மறைகுறியீடு ஆகியவற்றைக் கையாளும் எண்ணற்ற நூலகங்களும் அம்மொழியில் அமைந்தவை. ரஸ்ட் மொழியிலெழுதிய நிரலும் பைதன் மொழியிலெழுதிய நிரலும் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமெனின், பெரும்பாலும் இரண்டும் சி மொழியின் மரபுக்கு இறங்கி வந்தே உரையாடுகின்றன. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. நிரல்மொழிகளின் உலகில் அத்தகைய இடம் எவ்வித யாப்பும் இன்றியே சி மொழிக்குக் கிடைத்திருக்கிறது.

சி மொழி நூலகம் தொகுக்கப்பட்டபின், அதனுள் இயந்திரக் கட்டளைகளும் சார்புகளின் பெயர்களுமே இருக்கும். ஒரு சார்பு எத்தனை உள்ளீடுகளை ஏற்கும், அவை எவ்வகையின, அது எதனைத் திருப்பித்தரும் என்பன அங்கு இரா. அச்செய்திகள் தலைப்புக் கோப்பு எனப்படும் தனிக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். வேற்றுமொழி நிரலொன்று நூலகத்தை அழைப்பதற்கு, அக்கோப்பிலுள்ள அறிவிப்புகளைத் தன் மொழிக்குப் பெயர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பைண்டிங் என வழங்கும் இப்பெயர்ப்பினை இங்கு இணைப்புரை என்று குறிப்போம்.

பெரிய நூலகமொன்றில் ஆயிரக்கணக்கான சார்புகள் இருத்தல் கூடும். அவை ஒவ்வொன்றுக்கும் கையால் இணைப்புரை எழுதுவது சலிப்பூட்டும் பணி, பிழைக்கும் இடந்தருவது. தலைப்புக் கோப்போ இயந்திரம் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆகவே இப்பணியையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. அவ்வெண்ணம் பாதியளவே நிறைவேறியது. மறுபாதி ஏன் நிறைவேறவில்லை என்பதை இனி நோக்குவோம்.

3

முதலாவது சிக்கல் மேக்ரோ பற்றியது. தலைப்புக் கோப்பிற் காண்பன யாவும் சி மொழியைச் சார்ந்தவை அல்ல. தொகுப்பி படிக்குமுன் முன்செயலி என்றொரு பகுதி கோப்பைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறொரு தொடரை இட்டுச் செல்கிறது. இவ்வாறு இடப்படும் மேக்ரோவுக்கு வகை இல்லை. தொகுக்கப்பட்ட நூலகத்தில் அதன் பெயரும் இல்லை. பிழைநிலையைத் தெரிவிக்கும் எர்நோ என்பது நிரலர்க்கு ஒரு மாறிபோலத் தோன்றும். லினக்ஸில் வழங்கும் குனூ சி நூலகத்தில் அது உண்மையில் ஒரு மேக்ரோ. விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சார்பழைப்பு இருக்கும். இணைப்புரைக் கருவி நூலகத்துள் எர்நோ என்ற மாறியைத் தேடின் ஏமாற்றமே மிஞ்சும். தலைப்புக் கோப்பிலேயே உடலுடன் எழுதப்படும் உட்செருகு சார்புகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இரண்டாவது சிக்கல் சுட்டி பற்றியது. சுட்டி என்பது நினைவகத்தின் ஓரிடத்தைக் குறிக்கும் முகவரி. எழுத்தைச் சுட்டும் சுட்டி என ஓர் அறிவிப்பு இருப்பின், அது ஒரு சொல்லின் தொடக்கமாகலாம், தனியோர் எழுத்தாகலாம், விடையை எழுதித் தருவதற்காக விடப்பட்ட வெற்றிடமாகலாம், எழுத்தோடு தொடர்பற்ற வெறும் பைட்டுத் திரளுமாகலாம். அது சொல்லேயாயினும் எக்குறிமுறையில் அமைந்தது என்பது அறிவிப்பில் இராது. இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவின் முறையில் எழுதிய சொல்லுக்கும், யுடிஎப்-8 முறையில் எழுதிய சொல்லுக்கும் சி மொழி தரும் வகை ஒன்றே. நீளம் பற்றிய குழப்பமும் இதன் கிளையேயாம். சொல்லும் அதன் நீளமும் ஒன்றுக்கொன்று உரியவை என்ற உறவு அறிவிப்பில் எழுதப்படுவதில்லை; அடுத்தடுத்து நிற்கும் இரு உள்ளீடுகள் என்பதே அங்குள்ளது.

நீளத்தைச் சரிபாராது நம்புவதன் விளைவினை 2014 ஏப்ரலில் உலகம் கண்டது. ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மறைகுறியீட்டு நூலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாடு, எதிர்முனையிலிருப்பவர் கூறிய நீளத்தை அவர் அனுப்பிய செய்தியின் உண்மை நீளத்தோடு ஒப்பிடாமையால் நேர்ந்தது. அயலிலுள்ள நினைவகப் பகுதிகள் அதனால் வெளியாருக்குச் சென்றன. அது இணைப்புரையின் குற்றமன்று. எனினும் பொருளும் அதன் அளவும் பிணைப்பின்றி நிற்கும் மொழியமைப்பின் பலவீனத்துக்கு அது தக்க சான்று.

மூன்றாவது சிக்கல் உடைமை பற்றியது. மூன்றனுள் இதுவே ஆழமானது. சி மொழியில் நினைவகத்தைப் பெற்றவர் பயன்பாடு முடிந்ததும் அதனைத் திருப்பி விடுவிக்க வேண்டும். யார் பெற்றார், யார் விடுவிப்பது என்பது உடைமை வினா. இரு சார்புகளை ஒப்பிடுவோம். கெட்-என்வ் என்பது சூழல் மாறியொன்றின் பெயரை ஏற்று அதன் மதிப்பைத் தரும். ஸ்ட்ர்-டப் என்பது ஒரு சொல்லை ஏற்று அதன் படியைத் தரும். இரண்டின் அறிவிப்புகளும் வகையளவில் ஒன்றே: இரண்டும் மாற்றக்கூடாத எழுத்துச் சுட்டியொன்றை ஏற்று, ஓர் எழுத்துச் சுட்டியைத் திருப்பித் தருகின்றன. ஆயினும் ஸ்ட்ர்-டப் தந்ததை அழைத்தவரே விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிடின் நினைவகம் வீணாகும். கெட்-என்வ் தந்ததை அழைத்தவர் விடுவிக்கலாகாது. விடுவித்தால் நிரல் குலையும். தலைப்புக் கோப்பை எத்துணை நுணுகிப் படிக்கும் இயந்திரமும் இவ்வேறுபாட்டைக் காணமுடியாது. அது கோப்பில் எழுதப்படவில்லை என்பதே காரணம். கையேட்டிலும், நிரலரின் வழக்கிலும், அனுபவத்திலுமே அது வாழ்கிறது.

நான்காவது சிக்கல் இடமும் காலமும் பற்றியது. சி மொழியின் லாங் என்னும் முழுவெண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட்டு. 64 பிட் விண்டோஸில் 4 பைட்டு. ஓரிடத்தில் ஆக்கிய இணைப்புரை மற்றோரிடத்தில் பிழையாகலாம். அவ்வாறே நூலகம் மாறியபின்னரும் பழைய இணைப்புரை புழக்கத்தில் இருத்தல் கூடும். களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய லக்கல–பல்லேகம நகரம் நீருள் மூழ்க, மக்கள் புதிதாக அமைக்கப்பட்ட நகருக்குப் பெயர்ந்தனர். பழைய நிலப்படத்தை நம்பிச் செல்பவர் பெயரைச் சரியாகவே கேட்பார். சென்று சேர்வது நீர்க்கரைக்கே. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19ஆம் நாள் நிரம்பி வழியும் என்பதால், நேரத்தைக் குறிக்கும் வகை பல தளங்களில் 64 பிட்டாக அகலப்படுத்தப்பட்டு வருகிறது. சார்பின் பெயர் மாறவில்லை. அதன் அகலம் மாறிவிட்டது. பழைய அகலத்தைக் கொண்டு ஆக்கிய இணைப்புரைகள் யாவும் மீள ஆக்கப்படல் வேண்டும்.

4

இச்சிக்கல்களை எதிர்கொள்ள எழுந்த கருவிகளின் வரலாறு ஒரு பொதுப்போக்கைக் காட்டுகிறது. டேவிட் பீஸ்லி 1996இல் வெளியிட்ட ஸ்விக் என்னும் கருவி தலைப்புக் கோப்பைப் படித்துப் பல மொழிகளுக்கு இணைப்புரை ஆக்கவல்லது. எனினும் நடைமுறையில் அதற்கெனத் தனியான இடைமுகக் கோப்பொன்றை மனிதர் எழுதி, இச்சுட்டி விடைக்குரியது, இவ்விரண்டும் சொல்லும் நீளமும் என விளக்க வேண்டியிருக்கிறது. ரஸ்ட் மொழிக்குரிய பைண்ட்ஜென் கருவி, கிளாங் தொகுப்பியின் துணையுடன் தலைப்புக் கோப்பை மிகத் துல்லியமாகப் படிக்கிறது. ஆனால் அது ஆக்கித் தரும் சார்புகளை ரஸ்ட் மொழி பாதுகாப்பற்றவை என்றே வகைப்படுத்துகிறது. அவற்றின்மேல் பாதுகாப்பான அடுக்கொன்றை நிரலர் கையால் எழுத வேண்டும். குனோம் திட்டத்தார் வேறொரு வழியை மேற்கொண்டனர். நூலகத்தை எழுதுவோரே ஒவ்வொரு சார்பின் குறிப்புரையிலும் உடைமை மாறுகிறதா இல்லையா, எது எதற்கு நீளம், எது வெறுமையாக இருக்கலாம் என்பவற்றை வரையறுத்த சொற்களால் எழுதிவைக்கின்றனர். இயந்திரம் அக்குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கிறது. பயர்பொக்ஸ், குரோம், லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றில் தமிழெழுத்துகளை உருவமைத்துத் தரும் ஹார்ஃப்பஸ் நூலகத்திலும் இத்தகைய குறிப்புகள் உள. சொல்லின் நீளத்தை ஏற்கும் அதன் சார்பொன்றில் −1 எனத் தந்தால், சொல் முடியும்வரை படி என்று பொருள். தலைப்புக் கோப்பைப் பொறுத்தவரை அது ஒரு முழுவெண். −1 என்பதன் சிறப்புப் பொருளை அக்குறிப்புரையே கூறும்.

எனவே வெற்றிபெற்ற ஒவ்வொரு முறையும் தலைப்புக் கோப்புக்கு வெளியேயிருந்து மனித உழைப்பைச் சேர்த்தே வெற்றிபெற்றது எனலாம். மார்க்ஸ் தமது மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) இயந்திரத்தை உறைந்த உழைப்பாகக் கண்டார். அது தன்னுள் அடங்கிய மதிப்பைக் கடத்துமேயன்றிப் புதிய மதிப்பைப் படைக்காது என்பது அவர் கருத்து. மதிப்பும் செய்தியும் ஒன்றல்ல. ஆதலின் இவ்வொப்புமையை எல்லை கடந்து இழுக்க வேண்டியதில்லை. எனினும் இணைப்புரைக் கருவி தன்னிடம் தரப்பட்ட செய்தியைக் கடத்துமேயன்றி, தரப்படாத செய்தியைப் படைக்காது என்பது தெளிவு. தானியங்கி என்ற சொல் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது. இடைமுகக் கோப்புகளையும் குறிப்புரைகளையும் எழுதிப் பேணுவோர் பலர் ஊதியமின்றியும் பெயரின்றியும் உழைக்கின்றனர். அவ்வுழைப்பின் பயன் பெரும் நிறுவனங்களின் இலாபக் கணக்கிற் சென்று சேர்கிறது. ஹார்ட்பிளீட் வெளிப்பட்டபோது, உலக வணிகத்தின் பெரும்பகுதி சார்ந்திருந்த அந்நூலகத்தை மிகச் சிலரே பேணிவந்தனர் என்பது அறியப்பட்டது. அதன்பின்னரே பெருநிறுவனங்கள் பணமுதவ முன்வந்தன.

இன்றைய பெருமொழி மாதிரிகள் கையேட்டையும் படித்து உடைமையை ஊகிக்கவல்லன. அது பயனுள்ள உதவியே. ஆயினும் அவற்றின் ஊகமும் முன்னர் எவரோ எழுதிவைத்த கையேட்டின் உழைப்பில் நிற்கிறது. ஊகம் பிழைத்தவிடத்துப் பொறுப்பேற்பது மனிதரே.

5

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்ததை யாவரும் அறிவர். தலைப்புக் கோப்பு முதலிரண்டு அதிகாரங்களோடு நின்றுவிடும் இலக்கணம் எனலாம். பெயர் எவ்வாறு எழுதப்படும், எவ்வகையோடு எவ்வகை சேரும் என்பன அதில் உள. இவ்வழைப்பின் கருத்து யாது, யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற பொருளதிகாரம் அதில் இல்லை.

ஊர்ப்பெயரிலும் இதே தோற்றப்பாட்டைக் காண்கிறோம். லக்கல என நாம் எழுதும் ஊரின் பெயரைச் சிங்களத்தில் ஒலிப்புடைக் ககரம் இரட்டித்து எழுதுவர். தமிழெழுத்தில் வல்லினம் இரட்டித்தால் ஒலிப்பின்றியே உச்சரிக்கப்படும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் இயந்திரம் தன் விதிப்படி சரியாகவே எழுதுகிறது. அவ்வூரை அறியாத தமிழ் வாசகர் பிழையாகவே படிக்கிறார். மாறாக, மாத்தளை என்ற பெயரை நோக்குக. ஆங்கில எழுத்திலுள்ள பெயரைத் தந்து இயந்திரத்திடம் கேட்பின் அது மடலே என்றோ மாடலே என்றோ தருதல் கூடும். மாத்தளை என்ற வடிவம் எழுத்துமாற்று விதியொன்றாற் பிறந்ததன்று. அம்மண்ணில் வாழ்ந்தும் உழைத்தும் வந்த தமிழ் மக்களின் வாயிற் பயின்று நிலைபெற்றது. வேற்றுமொழிச் சொல்லைத் தமிழெழுத்துக்கு இசைவித்து ஏற்கும் முறையைத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்துரைத்தார். அவ்விதி பயில்வோரை முன்னிட்டே எழுந்தது. வழக்கே பொருளுக்கு ஆதாரம் என்பது நிரல்மொழிக்கும் பொருந்துகிறது.

இவ்வினா வெறும் ஆய்வு வினா அன்று. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி பைதன் மொழியின்மேல் அமைந்தது. பைதனோ சி மொழியின்மேல் அமைந்தது. எழிலில் பதிப்பி என எழுதும் பாடசாலை மாணவரின் கட்டளை இரு அடுக்குகளைக் கடந்தே இயந்திரத்தை அடைகிறது. அவ்வடுக்குகளில் எங்கேனும் நீளம் என்பது ஆங்கிலத்தின் நீளமாகவே கருதப்பட்டிருப்பின், உடைவது அம்மாணவரின் சொல். பிறப்புப் பதிவிலும் காணி உறுதியிலும் நிவாரணப் பட்டியலிலும் பெயர்கள் கணினிவழியே எழுதப்படும் காலத்தில், பாதியில் அறுந்த பெயர் ஒருவருடைய உரிமையையே அறுத்துவிடக்கூடும். அது லக்கலவின் சிங்கள விவசாயிக்கும் மாத்தளைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கும் பொதுவான இடர்.

ஆதலின் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, பொது நிதியில் எமது பல்கலைக்கழகங்கள் ஆக்கும் நூலகங்களில், உடைமை, நீளத்தின் அலகு, குறிமுறை ஆகிய மூன்றும் ஒவ்வோர் அறிவிப்போடும் எழுத்தில் இடம்பெற வேண்டும். இரண்டாவது, இயந்திரம் ஆக்கிய எந்த இணைப்புரையும் தமிழ், சிங்களச் சொற்களால் சோதிக்கப்பட்ட பின்னரே ஏற்கப்படல் வேண்டும். ஆங்கிலச் சொல்லால் மட்டும் செய்யும் சோதனை, பிழை தோன்றாத இடத்திலேயே பிழையைத் தேடுவதாகும். மூன்றாவது, குறிப்புரை எழுதுவதும் கையேடு பேணுவதும் ஆய்வுழைப்பாக மதிக்கப்பட்டு, அதற்குரிய ஊதியமும் பெயரும் அளிக்கப்படல் வேண்டும்.

எமது பட்டியலைத் திருத்தியது ஒரே ஒரு வரி. சொல்லை முதலில் பைட்டுகளாக மாற்றி, அவற்றை எண்ணி, அவ்வெண்ணையே நூலகத்துக்குத் தருமாறு மாணவி ஒருவர் அதனைக் கையால் எழுதினார். அதன் மேலே, இங்கு நீளம் என்பது பைட்டு என்று தமிழில் ஒரு குறிப்பும் எழுதினார். லக்கல இப்பொழுது முழுமையாக அச்சாகிறது. ககரத்தை ஒலிப்புடன் படிக்கவேண்டும் என்பதை மட்டும் இன்னும் நாமே வாசகருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.